சிவப்பு ஒட்டாத கொக்கி

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கஜபதியின் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கிருஷ்ணப்பிரியாவின் கைகளைத்தான் பார்ப்பார்கள். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் அப்படி ஒரு சிவப்பு. "என்ன மேடம், வீட்டுல விசேஷமா? மருதாணி நல்லா பிடிச்சிருக்கே" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. அது மருதாணி இல்லை. கிரேனில் மாட்டுகிற கொக்கியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஏதாவது இருக்கிறதா என்று காட்டிக் கொடுக்கிற மை.

கொக்கியைச் சுத்தமாகத் துடைத்து இந்தச் சிவப்பு மையை அடிக்க வேண்டும். பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளை மருந்தை அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்திருந்த சிவப்பு மெல்ல வெளியே கசிந்து, வெள்ளையின் மேல் கோடு போட்டுவிடும். கோடு வந்த கொக்கி குப்பைக்குப் போகும். வராத கொக்கிக்குச் சான்றிதழ் போகும். எத்தனை கையுறை போட்டாலும் அந்தச் சிவப்பு அவள் கையை விட்டதில்லை. அவளும் அதைப் பெரிதாகத் தேய்த்துக் கழுவியதில்லை. உள்ளுக்குள் அவளுக்கு அதில் ஒரு கர்வம்.

அதைவிடப் பெரிய கர்வம் சான்றிதழின் கீழே இருந்தது. பேனாவால் போடுகிற கையெழுத்தெல்லாம் அங்கே மலையேறிவிட்டது. பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன். அதைக் கம்ப்யூட்டரில் செருகி, பின் நம்பரைத் தட்டினால், அவள் பெயர், தேதி, மணி எல்லாம் சேர்ந்து சான்றிதழில் ஏறிவிடும். திறந்து பார்க்கிறவனுக்குப் பக்கத்திலேயே பச்சை டிக் தெரியும். அந்த டோக்கனை வாங்கும்போது கேமராவைப் பார்த்துத் தன் பெயரைச் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, இன்னார்தான் என்று நிரூபித்தே வாங்கினாள். "எஸ்டேட்ல எத்தினியோ லேபு கீது. பொம்பளப் புள்ள கையெழுத்து போட்டு அனுப்பற லேபு நம்ம லேபுதான்" என்று கஜபதி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

அந்தப் பின் நம்பர் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எஸ்டேட்டின் வழக்கம் வேறு. முதலாளிமார்களின் டோக்கன்கள் ஆடிட்டர் ஆபீஸ் மேசை இழுப்பறையில் கொத்தாகக் கிடக்கும். ஒன்றோடொன்று மாறிப் போய்விடக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருப்பார்கள். மறந்து போகக் கூடாதே என்று அந்தப் பெயருக்குக் கீழேயே நம்பரையும் எழுதியிருப்பார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போகிற கெட்டிக்காரத்தனம்தான். எல்லோரும் செய்வதால் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

கிருஷ்ணப்பிரியாவுக்கும் தோன்றவில்லை. அவள் அப்பா தசரதன் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெள்ளானூரில் சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட்டார். கிரகப்பிரவேசத்துக்காக அவள் புதன் முதல் சனி வரை லீவு போட்டாள். சோதனை முடிந்து, சான்றிதழ் மட்டும் பாக்கியாக இரண்டு இருந்தன. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற ஜெகனிடம் டோக்கனைக் கொடுத்து, மஞ்சள் காகிதத்தில் பின் நம்பரையும் எழுதி ஒட்டினாள். "இந்த ரெண்டுக்கு மட்டும் போட்டுடு ஜெகன்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் கிளம்பிப் போனாள்.

திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அப்பாவு வந்தார். எஸ்டேட்டின் இன்னொரு கோடியில் பரந்தாமன் என்பவர் பெரிய இரும்புத் தொட்டிகள் செய்கிற பட்டறை நடத்துகிறார். அங்கே கிரேனுக்குக் கீழே நின்று கொக்கி மாட்டி, மேலே இருக்கிறவனுக்குக் கைகாட்டுவதுதான் அப்பாவுவின் வேலை. கிருஷ்ணப்பிரியாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர்.

"இன்னாம்மா பிரியா, ஊட்டு விசேஷம்லாம் நல்லபடியா ஆச்சா?"

"ஆச்சுண்ணே. உக்காருங்க. என்ன இந்தப் பக்கம்?"

"ஆணி வாங்க வந்தேன். அப்டியே ஒரு டவுட்டு. வெள்ளிக்கெழம எங்களுக்கு நாலு கொக்கி வந்துச்சே, அதுக்கு இன்னா புது மை அடிச்சியா?"

"எந்தக் கொக்கிண்ணே?"

"இன்னா எந்தக் கொக்கின்றே? உன் பேரு போட்டு சர்டிபிகேட் வந்து, செவுத்துல ஒட்டி வச்சிகிறோமே. எப்பவும் நீ பாத்து அனுப்பின கொக்கியத் தொட்டா, மடிப்புல கீற செவப்பு கையில ஒட்டும். எங்க பசங்க அதுக்கு பிரியா மைன்னே பேரு வச்சிகிறானுங்கோ. அது கையில ஒட்டுனாத்தான் தைரியமா கீழ நிப்பானுங்கோ. இந்தத் தபா நாலையும் தேச்சித் தேச்சிப் பாக்கறேன், ஒண்ணுமே ஒட்டல. புது மையின்னா சொல்லு, பசங்ககிட்ட சொல்லிடறேன்."

தன் பெயரில் ஒரு மை இருப்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். வேறொரு நாளாக இருந்தால் சந்தோஷத்தில் தலைகால் புரிந்திருக்காது. ஆனால் அவள் அந்தக் கொக்கிகளைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை.

கம்ப்யூட்டரில் அந்தச் சான்றிதழைத் தேடித் திறந்தாள். 'நான்கு கொக்கிகள். விரிசல் ஏதுமில்லை.' கீழே அவள் பெயர். பக்கத்தில் பளிச்சென்று பச்சை டிக். வியாழக்கிழமை, பதினொன்று நாற்பது. அந்த நேரத்தில் அவள் வெள்ளானூரில் இரண்டாம் பந்திக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜெகன், இது என்ன?"

ஜெகன் மென்று விழுங்கினான். "நம்ம சார்தான்க்கா சொன்னாரு. பரந்தாமன் சார் அர்ஜென்ட்டு அர்ஜென்ட்டுன்னு குதிச்சாரு. போன வருஷ ரிப்போர்ட்ட எடுத்து தேதியும் நம்பரும் மட்டும் மாத்தினேன். நீங்க வந்து அப்புறமா செக் பண்ணிப்பீங்கன்னு..."

"இந்த மாதிரி எத்தனை?"

"பதினொண்ணு."

"என்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"நீங்கதானேக்கா பின் எழுதிக் குடுத்தீங்க" என்றான் அவன். திமிராகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான். அதனால்தான் அது அவளைச் சுருக்கென்று தைத்தது.

அப்பாவு ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, எதுனா பிரச்சினையா? பன்னெண்டு மணிக்கு அந்தக் கொக்கில ஆறு டன்னு தொட்டியத் தூக்கறோம். லாரி வந்து நிக்குது."

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். பரந்தாமனுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. சிவப்பு மை டப்பாவையும் வெள்ளை மருந்தையும் துணிகளையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, "ஏறுங்கண்ணே" என்று ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

எஸ்டேட் சிக்னலில் நிற்கும்போது கஜபதியின் போன் வந்தது. அவர் குமணன்சாவடியில் வேறு வேலையாக இருந்தார். ஜெகன் அதற்குள் விஷயத்தைச் சொல்லியிருந்தான்.

"கண்ணு, அவசரப்படாத. அங்க போயி எதையும் ஒடச்சிப் பேசிக்கினு நிக்காத. சும்மா இன்னொரு தபா பாக்கணும்னு சொல்லி கொக்கிய வாங்கிக்கினு வந்துடு. கையெழுத்து என்னுது இல்லன்னு கில்லன்னு சொல்லி வச்ச, நம்ம லேபு மானம் கப்பலேறிடும்."

"கையெழுத்து என்னுது இல்லன்னு சொல்ல மாட்டேன் சார். அது என்னுதுதான். அதான் பிரச்சினையே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். டிப்ளமோ முடித்துப் பத்து வருடம் மை அடித்து, தேர்வு எழுதி, அதன் பிறகே கிடைத்த உரிமை அந்தக் கையெழுத்து. இன்னும் பத்து நிமிடத்தில் பத்துப் பேர் நடுவில் தன் வாயாலேயே அதைச் செல்லாக்காசு ஆக்கப் போகிறாள்.

பட்டறையில் தொட்டிக்குச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவு ஓடிப்போய்க் கையைக் காட்டி கிரேனை நிறுத்தினார். பரந்தாமன் கண்ணாடி அறையிலிருந்து விருட்டென்று வெளியே வந்தார்.

"யாருய்யா நிறுத்தச் சொன்னது? லாரிக்காரன் கத்துறான்... அட, மேடம் நீங்களா?"

"நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன். அந்த நாலு கொக்கியும் சோதனை பண்ணல."

பரந்தாமன் சிரித்துவிட்டார். செல்போனைத் தட்டி அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "என்ன மேடம் விளையாடுறீங்க? இது உங்க கையெழுத்துதானே? பச்சை டிக் வந்திருக்கே. சிஸ்டமே சரின்னு சொல்லுது, நீங்க தப்புன்னு சொல்றீங்க. நான் யாரை நம்பறது?"

தன் பெயரில் வந்த சான்றிதழ் பொய் என்று சொல்ல வந்தவளை, கையெழுத்தே எதிர்சாட்சியாக நின்று மறுத்தது. இப்படி ஒரு கூத்து அந்த எஸ்டேட்டில் அதுவரை நடந்ததில்லை. வேலையை விட்டுவிட்டு எல்லோரும் சுற்றி வந்து நின்றுகொண்டார்கள்.

கிருஷ்ணப்பிரியா ஒருமுறை மூச்சை இழுத்து விட்டாள்.

"அந்த டிக் பொய் சொல்லல சார். அதுக்கு ரெண்டே ரெண்டு விஷயம்தான் தெரியும். இது கிருஷ்ணப்பிரியாவோட கையெழுத்து. போட்டதுக்கு அப்புறம் இதுல யாரும் ஒரு எழுத்தைக்கூட மாத்தல. அவ்வளவுதான். கிருஷ்ணப்பிரியா கொக்கியைப் பாத்தாளா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. அதை நான்தான் சொல்லணும். நான் பாக்கல. டோக்கனையும் நம்பரையும் ஆபீஸ்ல குடுத்துட்டு லீவுல போயிட்டேன். தப்பு என்மேலதான் ஆரம்பிச்சுது."

பரந்தாமன் முகத்தில் ஈயாடவில்லை. "இது கோர்ட்டு வரைக்கும் போற விஷயம், தெரியுமில்ல? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா பேப்பர்ல இருக்கிற பேருக்குத்தான் பொறுப்பு."

"தெரியும் சார். பொறுப்பு என்னுதுங்கறதாலதான் ஓடி வந்தேன். எனக்கு அரை மணி நேரம் குடுங்க."

நான்கு கொக்கிகளையும் கழற்றி ஒரு மேசை மேல் வைத்தார்கள். அவள் துடைத்தாள், மையை அடித்தாள். பத்து நிமிடம் ஊறவிட்டாள். லாரிக்காரன்கூட ஹாரனை விட்டுவிட்டு உள்ளே வந்து எட்டிப் பார்த்தான். மையைத் துடைத்தாள். வெள்ளை மருந்தை அடித்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

முதல் கொக்கி வெளேரென்று இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில், பாரம் உட்கார்கிற வளைவில், முதலில் ஒரு புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொரு புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் சேர்ந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடாக நின்றது.

அப்பாவு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணாந்து கிரேனைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு அவர் கையால் மாட்டி, அவர் பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டிய கொக்கி அது.

கஜபதி அப்போதுதான் வந்து இறங்கினார். எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று வாயில் சிரிப்பை வைத்துக்கொண்டே நுழைந்தவர், மேசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவருக்கும் மையைப் படிக்கத் தெரியும். முப்பது வருடத் தொழில்.

"அண்ணாத்தே," என்று அப்பாவு அவரிடம் போனார். குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பேப்பர்ல உன் பேரு போட்டு வந்திருந்தா, நானு ரெண்டு தபா யோசிச்சிருப்பேன். இந்தப் பொண்ணு பேரு இருந்திச்சி, அதனாலதான் பசங்கள நிக்கச் சொன்னேன். அது பேரச் சொல்லி எங்கள ஏன் நிக்க வச்ச?"

கஜபதி அந்த மூன்றாவது கொக்கியை மேசையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்தார்.

லேபுக்குத் திரும்பியதும் அவள் முதலில் டோக்கனைக் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் செய்து, தன் கையெழுத்துச் சான்றை ரத்து செய்யச் சொன்னாள். அப்புறம் பதினொரு வாடிக்கையாளர்களுக்கும் கடிதம் அடிக்க உட்கார்ந்தாள்.

"ரத்து பண்ணிட்டா புதுசு வர்ற வரைக்கும் ஒரு ரிப்போர்ட்டும் அனுப்ப முடியாதேம்மா. வேல நின்னுடுமே" என்றார் கஜபதி. காலையில் போனில் இருந்த வேகம் குரலில் இல்லை.

"நிக்கட்டும் சார். கொக்கி உடைஞ்சா அதைவிட நாள் நிக்கும்."

"டைப் அடிச்சதுல தப்பாயிடுச்சின்னு போட்டா..."

"இதுவும் என் பேருல போற பேப்பர்தான் சார்."

அவள் அடித்தது நாலே வரி. லீவில் போகும்போது தன் டோக்கனையும் ரகசிய எண்ணையும் பிறரிடம் கொடுத்தது தன் தவறு; அந்த நாட்களில் தன் பெயரில் வந்த சான்றிதழை நம்ப வேண்டாம்; பொருளை உடனே நிறுத்தித் திருப்பி அனுப்பவும்; மறுபடி சோதித்துத் தருகிறோம். கஜபதி அதை மூன்று முறை படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'பழைய அறிக்கையில் தேதி மாற்றச் சொன்னது நான்' என்று கீழே ஒரு வரியைத் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினொரு பிரதியிலும் எழுதினார். அன்றைக்கு அந்த மனிதரின் மேல் அவளுக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது.

அதோடு எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் கண்டபடி பேசிவிட்டு வேறு லேபுக்குப் போனார்கள். லேபுக்கு அங்கீகாரம் கொடுக்கிற மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து இரண்டு நாள் கோப்புகளைப் புரட்டி, எழுத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் அவள் பெயரும் இருந்தது. பதினொன்றில் இன்னும் ஒன்றிலும் சிவப்புக் கோடு வந்தது. பல்லாவரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலைக்குப் போன சங்கிலி அது. திரும்பி வந்து மேசையில் கிடந்ததைப் பார்த்தபோது அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளானூரில் தசரதனிடம் அந்த எச்சரிக்கைக் கடிதத்தைக் காட்டும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "எம் பொண்ணு பேர்ல ஒரு தப்பான பேப்பர் போயிடுச்சு. யாரும் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி அவளே போய் கிரேனை நிறுத்திட்டா. ஆறு டன்னு!" என்று பெருமையடிக்க ஆரம்பித்துவிட்டார். எச்சரிக்கைக் கடிதத்தைக் காட்டி ஊரெல்லாம் பெருமையடித்த அப்பா அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

புது டோக்கன் வந்தது. புது நம்பரை அவள் எங்கேயும் எழுதவில்லை. ஜெகன் தானாகவே வந்து, "எனக்குச் சொல்லாதீங்கக்கா. தெரியலைன்னாத்தான் எனக்கும் நிம்மதி" என்றான். பரந்தாமன் பட்டறையில் பிரியா மை மறுபடியும் கைகளில் ஒட்ட ஆரம்பித்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மறுநாளும் வர முடியாது. வாசலில் ஹெல்மெட்டை மாட்டும்போது உள்ளே கஜபதியின் குரல் கேட்டது. யாரோ ஒரு வாடிக்கையாளர் போனில் குதித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"சார், ரிப்போர்ட்டு சனிக்கெழமதான் சார்... அர்ஜென்ட்டு தெரியுது சார்... இன்னாது? டோக்கன் இருந்தா யாராவது போட்டுக் குடுங்கன்றீங்களா? டோக்கன் அந்தப் பொண்ணு பையில கீது, அந்தப் பொண்ணு லீவுல போவுது. அது லீவுன்னா அது கையெழுத்தும் லீவுதான் சார்."

எதிர்முனை ஏதோ கத்தியது. கிருஷ்ணப்பிரியா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"கோச்சிக்காதீங்க. நானும் உங்கள மாதிரி பேசினவன்தான். பேனாவுல போட்டா இன்னா, கம்ப்யூட்டர்ல போட்டா இன்னா? கையெழுத்துன்றது 'நான் பாத்தேன், நான் பொறுப்பு'ன்னு ஒரு ஆளு குடுக்கற வாக்கு சார். அடுத்தவன் வாக்க எடுத்து நாம குடுக்கக் கூடாது, நம்ம வாக்க அடுத்தவன் கையில குடுத்துட்டுப் போவவும் கூடாது. கீழ நிக்கறவன் அந்தப் பேர நம்பித்தான் நிக்கறான்... வேற லேபா? தாராளமாப் போங்க. ஆனா அங்க கையெழுத்து போடற ஆளு உங்க பொருளக் கண்ணால பாத்தாரான்னு ஒரு வார்த்த கேட்டுக்கினு போங்க."

எதிர்முனை ஏதோ கேட்டிருக்க வேண்டும். பிறகு கஜபதி சொன்னார்:

"ஆங், சரி. சனிக்கெழம காலைல பத்து மணிக்கு வாங்க. பொண்ணு வந்துடும்."